சவுந்தரநாயகத்துக்கு ஒரு நல்ல சட்டத்தரணி

சவுந்தரநாயகத்துக்கு ஒரு நல்ல சட்டத்தரணி தேவைப்பட்டது. இதில் பிழை விட்டால் ஒரே மகள் றஷ்மியின் வாழ்க்கை பாழ் என்று மனைவி பிறிஜெற் மூன்று வாரமாகப் புலம்பி, அவருடைய நித்திரையைக் கெடுத்திருந்தாள்.

கொழும்பில் யார் எப்படிப்பட்ட ஆள் என்பதை விரல்நுனியில் வைத்திருக்கும் மயிலம்மா மூன்று பெயர்களைக் கொடுத்திருந்தார். மூவரும் கிரிமினல் வழக்கில் விண்ணர்களாம்.

முதலாவது, மருதானை கிருபாகரன். தேத்தண்ணி கொண்டுவந்த சொந்தத் தாயை, வந்தவர்கள் முன்னாலேயே "கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ" என்று விரட்டினார். பெற்ற தாய்க்கே இந்த மரியாதை என்றால் நீதவானிடம் எப்படிப் பேசுவார்? தேத்தண்ணியை முடிக்காமலே எழும்பிவிட்டார்கள்.

இரண்டாவது, வெள்ளவத்தை ஷெல்டன். கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். "எல்லாத்தையும் மிஸிஸின்ர தலையில போட்டிடுங்கோ. பொம்பிளையெண்டால் கெதியில பிணை குடுப்பாங்கள்."

பிறிஜெற் கைப்பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே இறங்கினாள்.

மிஞ்சியது கொட்டாஞ்சேனை ஜெனிஸ்டன்தான். தெரிந்தவர் யாரும் கண்டுவிடக் கூடாதென்று, மழையே இல்லாத பட்டப்பகலில் சவுந்தரநாயகம் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பிறிஜெற்றோடு போனார். ஜெனிஸ்டனின் வீட்டு முன்னறைதான் அலுவலகம். அங்கேயும் அவர் பொய்ப் பெயரைத்தான் கொடுத்தார். உண்மைப் பெயரைக் கொடுக்க அவருக்கென்ன விசரா?

"ஒருகொடவத்தை கொன்டெய்னர் யார்டில இருந்து கள்ளக் கையெழுத்தில அறுபது ஃபிரிஜ் எடுத்து வித்துப்போட்டன், தம்பி. வழக்குப் போடப் போறாங்கள்."

ஜெனிஸ்டன் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார். "இது ஆருக்கெல்லாம் தெரியும்?"

"மனிசிக்கு மட்டும். அதுக்கு முதல், நான் கொஞ்சம் கேக்கலாமோ?" சவுந்தரநாயகம் தொண்டையைச் செருமினார். "நீங்கள் குடிப்பீங்களோ?"

"ஏன் அங்கிள்?"

"நீங்கள் வெறியில கோட்டுக்கு வந்தால் உள்ள போறது நானெல்லோ."

ஜெனிஸ்டனுக்குச் சிரிப்பு வந்தது. "நத்தாருக்கு ஒரு பியர். அவ்வளவுதான்."

"கனடா, லண்டன் எண்டு போற யோசனை ஏதும்?"

"இல்லை."

"நல்லம். இந்த வழக்கு பத்து வருசம் இழுபடும். நடுவில விட்டிட்டுப் போனீங்களெண்டால் நாங்கள் என்ன செய்யிறது?"

இதற்கிடையில் கை கழுவும் சாட்டில் உள்ளே போன பிறிஜெற், குசினி வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கணவனைப் பார்த்து இலேசாகத் தலையாட்டினாள்.

சவுந்தரநாயகம் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, பழியை மனிசியின்ர தலையில போட்டால் என்ன?"

ஜெனிஸ்டன் பேனையை மூடி வைத்தார். சிரிப்பு எங்கேயோ போயிருந்தது.

"செய்தது நீங்கள். அன்ரியை மறியலுக்கு அனுப்பிப்போட்டு நீங்கள் வீட்டில இருந்து சோறு தின்னப் போறீங்களோ? அதுக்கு வேற ஆளைப் பாருங்கோ. உங்கட வழக்கு எனக்கு வேண்டாம்."

எழும்பிப் போய் வாசல் கதவையும் திறந்துவிட்டார். ஒரு சட்டத்தரணி கட்சிக்காரரை வீட்டைவிட்டுத் துரத்துவதை சவுந்தரநாயகம் அன்றுதான் கண்டார்.

றோட்டில் இறங்கியபோது பிறிஜெற்றின் கண்கள் கலங்கியிருந்தன. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு மனம் நிறைந்திருந்தது.

"இஞ்சருங்கோ, இவர்தான் வேணும்."

"துரத்திவிட்டவரிட்ட எந்த முகத்தோட திரும்பிப் போறது?" என்று கேட்டபடியே சவுந்தரநாயகம் போனை எடுத்தார்.

"மயிலம்மா, மற்ற ரெண்டு மாப்பிள்ளையையும் விட்டிட்டு எங்கட றஷ்மிக்கு இவரையே பேசி முடியுங்கோ, ஃபிரிஜ் களவெண்டு பொய்க் கதை விட்டது பொம்பிளையின்ர தகப்பனெண்டதை மட்டும் தாலி ஏறும்வரைக்கும் மூச்சு விட்டிடாதைங்கோ."