தாழ்ப்பாள் வைத்த பெட்டி

ரயில் பைத்தியம் ஞானாபரணம் வாங்கிச் சேர்த்த பழைய ரயில் பெட்டிகளில் மிஞ்சியவை இரண்டு. அவர் கண்ணை மூடியதும், மகன் அவற்றை வைத்து ஓட்டல் நடத்தக் கிளம்பினான்.

"சாப்பாட்டுக் கூடம் நான்தான்டா. தனித்தனி ரூம், கதவுக்குக் கதவு தாழ்ப்பாள், உனக்கு இருக்கா?" என்று முதல் வகுப்புப் பெட்டி அலட்டிக்கொண்டது.

"எனக்கு நீளப் பெஞ்சுதாண்ணே," என்றது பொதுப்பெட்டி.

மகன் இரண்டையும் சுற்றிப் பார்த்தான். பெஞ்சு இருந்த பெட்டியில் இலை போட்டான். தாழ்ப்பாள் இருந்த பெட்டியைக் கழிப்பறை ஆக்கினான்.

முதல் வகுப்புக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணியை ஒரு பிடி பிடித்தவர்கள் அதன் வாசலில் நெளிந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். உடனே அது நிமிர்ந்துகொண்டது.

"பாத்தியா தம்பி, இன்னைக்கும் எனக்குத்தான் வெயிட்டிங் லிஸ்ட்!"