அமெரிக்கா மாத்திரை

“அஞ்சு மில்லிகிராம் மாத்திரைக்கு இப்படி ஆகாதுங்களே, ஐயா! வேற ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?” டாக்டர் வினிதா கேட்டார்.

“பிரஷர் மாத்திரையத் தவிர ஒண்ணுமில்லீங்க” என்றார் ரத்தினசாமி.

வயது எழுபத்து நாலு. காலையில் தன் பனியன் கம்பெனியில், கட்டிங் டேபிள் ஓரமாகத் தலைசுற்றி விழுந்தவர், நெற்றியில் கட்டுடன் நல்லூர் கிளினிக்கில் படுத்திருந்தார்.

கட்டிலருகே தம்பி ஆறுமுகசாமி. இரண்டு வயதுதான் இளையவர். அவர் தெம்பாக நிற்பதைப் பார்க்கப் பார்க்க அண்ணனுக்கு வயிறு எரிந்தது.

“எனக்கும் போன மாசமெல்லாம் கிறுகிறுன்னு வந்துச்சுங்க டாக்டர். ஒரு வாரமா ஒண்ணுமில்லீங்க. படியெல்லாம் ரெண்டு ரெண்டா ஏறுறேன். எம்பையன் செந்தில்வேல் அமெரிக்காவுல வாங்கிக் குடுத்த அதே பிரஷர் மாத்திரைங்க. பத்து மில்லிகிராம்!”

ஆறு மாதமாக இதே பாட்டு. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அந்த மாத்திரை பாட்டிலை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆறுமுகசாமி சாப்பிடுவார். உள்ளூர் மெடிக்கலில் வாங்கி டப்பியில் போட்டு வைத்த தன் மாத்திரையை ரத்தினசாமி யாரும் பார்க்காமல் விழுங்குவார். பொறாமைதான். அதை அவர் தனக்குத்தானே ஒப்புக்கொண்டும் இருந்தார்.

வினிதா யோசித்தார். “வயசானா ஈரல் மெதுவாத்தான் வேலை செய்யும். மருந்து உடம்புலயே தங்கிடும். சில மருந்து பரம்பரையைப் பொறுத்தும் கூடக்குறைய வேலை செய்யும். அதனாலதான் ஐயாவுக்குப் பாதி அளவு குடுத்தேன். கூடப்பிறந்தவருக்கும் அதுதான் சரிப்படும்னு நினைச்சேன். தப்பாயிடுச்சு.”

“நம்மூரு மாத்திரையில சத்து இல்லீங்க” என்று தம்பி சிரித்தார்.

“ஐயாவைக் கோயமுத்தூருக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் பண்ணிடலாம். ஆறுமுகசாமி ஐயா, நீங்க அந்த அமெரிக்கா மாத்திரையையே சாப்பிடுங்க. உங்களுக்கு அருமையா ஒத்துக்குது.”

கோயமுத்தூரையும் ஸ்கேனையும் ரத்தினசாமி பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் பொறுக்க முடியவில்லை. விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

“என்னங்க பெரிய அமெரிக்கா? போன ஞாயித்துக்கிழமை இவன் குளிக்கப் போனப்ப பாக்க ஒரே மாதிரி இருக்குற ரெண்டு மாத்திரையையும் கொட்டி மாத்தி வெச்சதே நாந்தானுங்க! ஒரு வாரமா இவன் தின்னுட்டு ஜம்முனு திரியறது எம்மாத்திரைங்க!”