ஒரே ஸ்கோர்

தோற்றால் என் கணவர் கதிரேசனுக்கு அன்று சோறு இறங்காது. அதனாலேயே கல்யாணமானதிலிருந்து நான் கேரம் ஆடத் தெரியாதவளாக இருந்தேன். ஆபீசிலும் அவருக்கு இதே படபடப்பு முற்றியபோது, டாக்டர் ஒரு புதுக் கேரம் போர்டை எழுதிக் கொடுத்தார். யார் காயைப் போட்டாலும் ஸ்கோர் இருவருக்கும் சேர்த்துத்தான் ஏறும். கூடவே ஆளுக்கொரு கைப்பட்டை. நிம்மதி என்றால் பச்சை, பதற்றம் என்றால் சிவப்பு.

ஆறே மாதத்தில் மனுஷன் மாறிவிட்டார். நான் காய் போட்டால் கை தட்டினார். "இந்தக் கையை இவ்வளவு நாளா எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே, பூங்கோதை?"

நேற்று அவரே போர்டின் ஓரத்துப் பொத்தானை அழுத்தி ஸ்கோரை இரண்டாகப் பிரித்தார். "இன்னிக்கு என்னைத் தோற்கடி, பார்ப்போம்."

என் கடைசிக் காய் குழி வாயிலேயே நின்றது. ஊதினாலே விழும், விழுந்தால் நான் ஜெயித்துவிடுவேன். அடித்தேன். ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமல் விலகிப் போனது.

"ஏன் விட்டே?" அவர் பட்டை பச்சையாகத்தான் இருந்தது.

"கை வழுக்கிடுச்சுங்க."

என் பட்டை செக்கச்செவேலென்று எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஸ்ட்ரைக்கரை மறுபடி என் பக்கமே தள்ளினார்.