வலைக்கு மேல் எம்பிய மைனா

கூரையுள்ள அரங்கில், அணிக்கு ஆறு பேராக வாலிபால் ஆடிப் பழகிய மைனா ஒன்று கடற்கரை ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மணலில் அணிக்கு இரண்டே பேர். மைனாவுக்கு ஆலா என்ற கடற்பறவை ஜோடி. எதிரே இரண்டு கொக்குகள். ஜெயிக்கும் ஜோடி நாட்டுக்காக அக்கரையில் ஆடப் போகும். மைனா வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

ஒரு புள்ளி விட்டால் ஆட்டம் போய்விடும் என்ற நிலை. கொக்கு ஓங்கி அடித்ததை மைனா வலைக்கு மேல் எம்பித் தடுத்தது. தன் பக்கமே சரிந்த பந்தை ஆலா பாய்ந்து எடுத்துக் கொடுத்தது. மைனா அதை வலையோரம் அழகாகத் தூக்கிவிட்டு, "அடிடி!" என்று கத்தியது.

ஆலா சிறகை மடக்கிக்கொண்டு நின்றது. பந்து அதன் காலடியில் விழுந்தது.

"ஏண்டி மரம்போல நிற்கிறாய்?"

"நான் தொட்டால் நாலாவது தொடுகை. மூன்றுக்கு மேல் கூடாது."

"தடுத்ததை யாராவது எண்ணுவார்களா? அரங்கில் எண்ணுவதில்லையே!"

"மணலில் எண்ணுவார்கள். காலையிலேயே சொல்ல வந்தேன். 'எனக்கா வாலிபால் சொல்லித் தருகிறாய்' என்றாயே, மகராசி."

கொக்குகள் நடுவர் ஆமைக்கு வணக்கம் சொல்லிப் புறப்பட்டன. அரங்கில் தோற்றால், யாரால் தோற்றோம் என்று மற்ற ஐந்து முகங்களையும் பார்ப்பது மைனாவின் வழக்கம். அப்படியே இப்போதும் சுற்றிப் பார்த்தது. ஆலா மட்டும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அதுவும் பறந்துவிட்டது.