ஷாலான் பெட்டிகள்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், உறைய வைத்த மீன் இறக்குமதி செய்யும் கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கு. உயரத்துச் சன்னல் வழியே மதிய வெயில் கணவாய்ப் பெட்டிகள்மேல் விழுகிறது. பெட்டிகளில் படிந்த பனி இளகவில்லை. ஷரீபா கம்ப்யூட்டரில் சரக்கு வரும் ஊர்களின் பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறாள். சீனக் கடலோரத்து ஷாலான் இனி தனி ஊரில்லை, பக்கத்து நகரத்தின் பதினோராவது வார்டு என்று காலையில் மெயில் வந்திருக்கிறது. கூட வேலை செய்யும், ஷாலானில் பிறந்த லின் அருகில் நிற்கிறாள். "தாத்தா காலத்துல கம்யூன், எல்லாம் ஊர்ப்பொது. அப்பா காலத்துல டவுன். படகெல்லாம் வித்துட்டு ஃபேக்டரி வந்துச்சு. இப்போ வார்டு," என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள், சரக்கு விவரம் வாசிப்பதைப் போல. உள்ளறையிலிருந்து முதலாளி பக்கீர் முகம்மது குரல் கொடுக்கிறார்: "ஷரீபா, பழைய பேர டெலீட் பண்ணிட்டியாம்மா?" "பண்றேன் அங்கிள்." சொல்லிவிட்டாளே தவிர, ஷரீபாவின் விரல் பட்டன்மேல் அப்படியே நிற்கிறது. லின் கை நீட்டித் தானே அழுத்திவிடுகிறாள். பிரின்டர் புது லேபிள்களைத் துப்புகிறது. லின் ஒன்றை உரித்துப் பெட்டியிலிருக்கும் பழைய பெயர்மேல் ஒட்டுகிறாள். பனியில் அது பிடிக்கவில்லை. இங்கே எல்லோரும் செய்வதுபோல், கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கைச் சூட்டை அதன்மேல் வைத்து அழுத்துகிறாள். லேபிள் எப்போதோ ஒட்டிவிட்டது. விரல்கள் வெளுத்து மரத்துப்போகின்றன. லின் கையை எடுக்கவில்லை.