திருட்டுச் செடி

"இந்தத் தெருவுல பூராம் களவாணிக. மறுபடியும் ஒரு கிளையக் காணோம்."

நாலு வீட்டுக்குக் கேட்கும்படி வாசலில் நின்று சொன்னாள் சுபத்ரா. நேற்று ஞாயிற்றுக்கிழமை. டி.வி. படம் பார்க்கத் தெருவே அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. டி.வி.க்குப் பக்கத்தில்தான் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த டிராகன் செடி நிற்கிறது. சிவப்பு விளிம்போடு நீள நீளமான இலைகள். அருப்புக்கோட்டை வெயிலில் அது பிழைத்ததே பெரிய விஷயம்.

"கேக்குறவுகளுக்கு நீயே ஒரு கிளை குடுத்துரலாம்ல?" என்றான் அவள் புருஷன் பொன்ராஜ்.

"கோகிலாம்பா அக்கா கேட்டதுக்கே மாட்டேன்னுட்டேன். நீங்க போயி கடையப் பாருங்க."

அவன் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில், மானாமதுரையிலிருந்து ஒரு லோடு பூந்தொட்டி இறக்கியிருந்தான். முதல் ஆறு மாதம் அதற்குள் பல்லிதான் குடியிருந்தது. "பொங்கலுக்குள்ள விக்கலேன்னா கடையச் சாத்திட்டு மண்டிக்கு வந்து சாக்குத் தை" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். என்ன புண்ணியமோ, ஆடிக்குப் பிறகு தொட்டிகள் நகர ஆரம்பித்தன. இப்போது மார்கழி; ஒரே ஒரு அடுக்குதான் மிச்சம்.

கடை திறந்ததும் எதிர்வீட்டுக் கோகிலாம்பாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, துளசி வைக்க ஒரு தொட்டி குடு."

கொடுத்தான். அவள் போகவில்லை.

"துளசிக்குக் கரிசல் மண்ணு போடலாமா?"

"வேணாம்க்கா. தண்ணி நின்னு வேரு அழுகிரும். செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி போடுங்க. அடியில ஓட்டை மேல ஒரு ஓட்டுச்சில்லு வைங்க. வெரல விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி ஊத்துங்க."

"துளசிய டி.வி.க்குப் பக்கத்துல வைக்கலாமா?"

பொன்ராஜ் நிமிர்ந்து பார்த்தான். முந்தானைக்கு வெளியே ஒரு சிவப்பு விளிம்பு தெரிந்தது.

"கோவிச்சுக்காத தம்பி. குடுத்தா பட்டுப்போகுமாம், திருடி வச்சாத்தான் தழைக்குமாம். உன் வீட்டுக்காரிதான் சொன்னா. அவளே கொடைக்கானல் பங்களாவுல ஒடிச்சுட்டு வந்தாளாமே. நான் முன்ன வச்சது நல்லாத்தான் வந்துச்சு, அத எவளோ ஒடிச்சுட்டுப் போயிட்டா. இப்பப் பக்கத்து ஊரு பரளச்சி வரைக்கும் களவு போயிருக்காம்."

கொடைக்கானல் கடையில் பேரம் பேசி அந்தச் செடியை வாங்கியதே பொன்ராஜ்தான்.

மதியத்துக்குள் ஏழெட்டுப் பேர் துளசி வைக்க, மருதாணிச் செடி வைக்க என்று சொல்லித் தொட்டி வாங்கிப்போனார்கள். கடைசித் தொட்டியும் போய்விட்டது. அவன் வீட்டுக்கு வந்தபோது சுபத்ரா டிராகன் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட இடமெல்லாம் இரண்டு இரண்டாகத் துளிர்த்திருந்தது.

"தொட்டி பூராம் வித்துப்போச்சு. ஆனா கோகிலாம்பா அக்கா ஒண்ணு சொல்லுச்சு..."

சுபத்ரா மண்ணை அழுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"அப்ப அடுத்த லோடு சொல்லிருங்க. வரும்போது ஒரு கத்தியும் வாங்கிட்டு வாங்க. ஒடிக்கிறவுகளுக்குன்னு செடிகிட்ட நான் வச்சிருந்தத நேத்து எவளோ கிளையோட சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டா."