வீட்டுச் சரக்கு

"குளிக்கச் சொன்னா கோவம் வருது, குப்பை கொட்டச் சொன்னா கொட்டாவி வருது! கழுதை வரைய மட்டும் கை எப்படித்தான் வருதோ!"

சமையலறையிலிருந்து மனைவி போட்ட போட்டுக்குக் கணவன் வாயைத் திறக்கவில்லை. மேசைக்கடியில் மைக்கைத்தான் திறந்து வைத்திருந்தான்.

இணையத்தில் அவன் படம் வரைந்து, இசையமைத்து, பெயர் போடாமல் வெளியிடும் கார்ட்டூன் அமோகமாக ஓடியது. அதில் ஒரு கழுதையை அதன் மனைவி பாட்டாகவே திட்டுவாள். வரிகள் அவனுடையவை அல்ல. அத்தனையும் வீட்டுச் சரக்கு. விஷயம் தெரிந்தால் அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள் என்ற பயத்திலேயே அவன் காலம் ஓடியது.

அன்று மச்சான் போனும் கையுமாக வந்தான்.

"அக்கா, இந்தக் கழுதைப் பாட்டைக் கேளு. எங்க ஆபீஸே பாடுது. அச்சு அசல் உன் வாய்!"

கணவன் மைக்கைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான். அவள் பாட்டை முழுசாகக் கேட்டாள்.

"உங்க மாமா போட்டதுதாண்டா."

"உனக்கு... தெரியுமா?" என்றான் கணவன்.

"மேசைக்கடியில இருக்கிற மைக்கைத் தூசி தட்டுறது யாருன்னு நெனச்சீங்க? எந்த ஊர்லயாவது பொண்டாட்டி எதுகை மோனையோட திட்டுவாளா? ஒவ்வொண்ணும் உட்கார்ந்து யோசிச்சுத் திட்டினது!"

அவன் தலை தொங்கியது. "தப்புதான். இனிமே நீ திட்டவே வேணாம்மா."

"நல்லா இருக்கே! ஓடுற கடையை யாராவது மூடுவாங்களா? அடுத்ததுல பேரை மட்டும் ஒழுங்காப் போடுங்க. படம், இசை நீங்க. பாட்டு நான்!"